சாம்பல் சத்தின் தடத்தில் சீசியம்

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. அங்கிருந்து கிளம்பிய கதிரியக்க மேகம் ஒரு வாரம் கழித்து பிரிட்டனின் மேற்கு மலைகளை அடைந்தபோது அங்கே நல்ல மழை. மேகத்தில் இருந்த சீசியம் மழையோடு மேய்ச்சல் நிலத்தில் இறங்கியது. ஜூன் 20 அன்று வடக்கு வேல்ஸிலும் கம்பிரியாவிலும் ஆடுகளை இடம் மாற்றவும் அறுக்கவும் அரசு தடை விதித்தது. தடை மூன்று வாரத்துக்கு என்று அறிவித்தார்கள். புல்லில் ஒட்டிய சீசியத்தை மழை மண்ணுக்குள் கழுவிவிடும், மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புதிதாகத் துளிர்க்கும் புல் சுத்தமாக இருக்கும், ஆட்டின் உடம்பில் இருப்பதும் சில வாரங்களில் வெளியேறிவிடும் என்பது வல்லுநர்களின் கணக்கு. அதில் ஒரு வரிகூட அறிவியலுக்குப் புறம்பானது கிடையாது. ஆனாலும் தடை நீண்டது; வேறு பகுதிகளுக்கும் பரவியது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகளும் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளும் அதற்குள் வந்தன. கடைசிப் பண்ணைகளின் மீதிருந்த தடை 2012 ஜூனில்தான் நீங்கியது. மூன்று வாரம் என்றது இருபத்தாறு ஆண்டுகள் ஆயிற்று. காரணம் எளிது. அந்தக் கணக்கு சமவெளியின் களிமண்ணில் அளந்து எடுத்தது. ஆடுகள் மேய்ந்ததோ மலைமேல், களி அதிகம் இல்லாத, புளிப்பு ஏறிய மக்கு மண்ணில்.

அணு விபத்து பற்றிய பேச்சில் இரண்டு எண்கள்தான் எப்போதும் முன்னால் வருகின்றன: எவ்வளவு வெளியேறியது, அதன் அரை ஆயுள் எத்தனை ஆண்டு. இரண்டும் தேவையான எண்கள்தாம். ஆனால் சீசியம் மனிதனின் தட்டுக்கு வருமா, வந்தால் எத்தனை காலம் வந்துகொண்டிருக்கும் என்பதை அவை மட்டும் சொல்லிவிடாது. அது இறங்கும் இடத்தில் எந்தக் களிமண் இருக்கிறது, எவ்வளவு பொட்டாசியம் இருக்கிறது என்பதே பெரும்பாலும் அதை முடிவு செய்கிறது. பொட்டாசியத்தை நம் விவசாயிகள் சாம்பல் சத்து என்பார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்ற வரிசையில் மூன்றாவதாக வரும் இந்தச் சத்தின் தடத்தில்தான் சீசியம் உயிருக்குள் நுழைகிறது. உலை முதல் உடல் வரை அதன் பயணத்தைப் பார்த்தால், ஓரிடத்தில் அளந்த எண்ணை இன்னோரிடத்துக்குக் கடன் வாங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பது தெரியும்.

சீசியத்தை 1860-இல் பன்சன், கிர்க்காஃப் என்ற இரு ஜெர்மானிய அறிவியலாளர்கள் ஒரு கனிம ஊற்று நீரில் கண்டுபிடித்தார்கள். நிறமாலையில் தெரிந்த இரண்டு நீலக் கோடுகளே அதைக் காட்டிக்கொடுத்தன. வான்நீலம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பெயரும் வந்தது. தனிம அட்டவணையில் சோடியம், பொட்டாசியம், ருபீடியம் இவற்றுக்குக் கீழே, அதே நிரலில் உட்கார்ந்திருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் சீசியம்-133 கதிரியக்கம் இல்லாதது. 1967 முதல் உலகம் ஒரு நொடியை அளப்பதே அதை வைத்துத்தான். நம் கவலைக்குரியவை உலையில் பிறப்பவை. யுரேனியம் பிளக்கும்போது நூற்றில் சுமார் ஆறு பிளவுகளின் சங்கிலி சீசியம்-137-இல் போய் முடிகிறது. அதன் அரை ஆயுள் 30 ஆண்டு. சிதையும்போது அது பெரும்பாலும் பேரியத்தின் ஒரு குறுகிய கால வடிவமாக மாறுகிறது. ஊடுருவும் காமா கதிரை வீசுவது அந்தப் பேரியம்தான். சீசியம்-134-இன் அரை ஆயுள் இரண்டு ஆண்டு. அது பிளவில் நேரடியாகப் பிறப்பதில்லை. உலைக்குள் நெடுநாள் இருக்கும் சீசியம்-133 ஒரு நியூட்ரானை விழுங்கினால்தான் உண்டாகும். அதனால் அணுகுண்டுச் சாம்பலில் அது கிட்டத்தட்ட இருக்காது. மண்ணில் 134 தென்பட்டால் அது உலையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

உலைக்குள் சீசியத்தின் குணத்தைத் தீர்மானிப்பது வெப்பம். இந்த உலோகம் 28.5 டிகிரியில் உருகி 671 டிகிரியில் கொதிக்கும். ஓடும் உலையில் எரிபொருள் வில்லையின் நடுப்பகுதியோ அதைவிட மிகச் சூடானது. எனவே சீசியம் வில்லையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து, வில்லைக்கும் உலோக உறைக்கும் இடையிலுள்ள சந்தில் ஒரு பகுதி தேங்கி நிற்கிறது. உறை வெடித்தால் முதலில் வெளிவருவதில் அதுவும் ஒன்று. எரிபொருள் உருகினால் மீதியும் கிளம்பும். வெளியே வந்தபின் அயோடினோடும் நீராவியோடும் மாலிப்டினத்தோடும் கூடி வெவ்வேறு சேர்மங்களாகிறது. அவற்றில் பல நீரில் எளிதாகக் கரைபவை. ஒரே தனிமம் மூன்று விபத்துகளில் மூன்று விதமாக நடந்துகொண்டது இதனால்தான். 1979-இல் அமெரிக்காவின் திரீ மைல் தீவு உலையில் எரிபொருளில் ஏறத்தாழ பாதி உருகியும் சீசியம் கட்டடத்துக்குள்ளிருந்த நீரிலேயே தங்கிவிட்டது. காற்றில் போனது பொருட்படுத்தத் தக்க அளவு இல்லை. செர்னோபிலில் மேல்மூடி பறந்து கிராஃபைட் பல நாள் எரிந்ததால் உலையிலிருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 85 பெட்டாபெக்கரல் (பெக்கரல் என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு), காற்றில் கலந்தது. 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் மூன்று உலைகளிலும் சேர்த்து சுமார் 700 பெட்டாபெக்கரல் இருந்தது. வானில் போனது அதில் சில விழுக்காடே. அங்கே பெரும்பகுதி போன வழி தண்ணீர். உருகிய எரிபொருளைக் குளிர்விக்க ஊற்றிய நீர் அதைக் கரைத்துக்கொண்டு அடித்தளங்களில் நிரம்பியது.

அந்த நீரிலிருந்து சீசியத்தை மட்டும் பிரிப்பது எப்படி? கடல்நீர் கலந்த அந்தக் கழிவில் ஒரு சீசியம் அயனிக்கு எத்தனையோ மடங்கு சோடியம். உப்பு முழுவதையும் தடுக்கும் சவ்வுகள் குடிநீர் ஆலைகளில் பழக்கமானவைதான்; அவை எல்லா உப்பையும் சேர்த்து ஒதுக்குமே தவிர சீசியத்தைத் தனியே அடையாளம் காணாது. அடையாளம் காண உதவுவது இதன் ஒரு விசேஷ குணம். நீரில் கரைந்த ஒவ்வொரு அயனியும் நீர் மூலக்கூறுகளைப் போர்வை மாதிரி சுற்றிக்கொள்கிறது. சோடியம் சிறியது, போர்வையை இறுகப் பிடித்திருக்கும். சீசியம் பெரியது, போர்வையைத் தளர்வாகவே பிடித்திருப்பதால் எளிதில் உதறிவிட்டுக் குறுகலான துளைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. சரியான அளவுத் துளைகள் உள்ள சியோலைட் கனிமம் அதைப் பிடிப்பது இப்படித்தான். திரீ மைல் தீவிலும் சியோலைட்தான் உதவியது; ஃபுகுஷிமாவில் 2011 ஜூனில் தொடங்கிய முதல் சுத்திகரிப்பு அமைப்பிலும் அதுவே. பின்னர் உப்பு நீரில் இன்னும் நன்றாகத் தேர்ந்தெடுக்கும் சிலிக்கோ டைட்டனேட் வந்தது. அணுக்கழிவு ஆலைகளில் கேலிக்ஸ்-கிரவுன் என்னும் கிண்ணம் போன்ற கரிம மூலக்கூறுகளை இதற்கென்றே வடிவமைத்தார்கள். இந்த நுட்பங்கள் எல்லாம் வெற்றியே. ஆனால் பிடித்த சீசியம் அழிந்துவிடவில்லை. நீரிலிருந்து நீங்கி உருளைகளுக்குள் குவிகிறது. நிரம்பிய உருளைகளைத் தலைமுறைகள் காவல் காக்க வேண்டும்.

மனிதன் தொழிற்சாலையில் செய்ததை மண் எப்போதோ செய்துகொண்டிருக்கிறது. இல்லைட் என்னும் களிக் கனிமம் ஓலைச்சுவடிக் கட்டு போல ஏடு ஏடாக அடுக்கியது. ஏடுகளுக்கு இடையே பொட்டாசியம் உட்கார்ந்து அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறது. காலப்போக்கில் ஓரங்களில் பொட்டாசியம் கரைந்து போக, சேலைத் தலைப்பு நைவது போல ஏடுகளின் விளிம்பு விரிகிறது. அந்த விரிந்த ஓரத்தில் கால்சியம், மெக்னீசியம் போன்ற அயனிகள் தம் நீர்ப் போர்வையோடு நுழைய முடிவதில்லை. போர்வையை உதறிவிட்ட சீசியம் நுழைகிறது; ஏடுகள் மூடிக்கொள்கின்றன. இப்படிப்பட்ட இடங்கள் களியில் மிகக் குறைவு. ஆனால் விழுந்த சீசியத்தின் அணு எண்ணிக்கை அதைவிடச் சொற்பம் என்பதால் அவையே போதுகின்றன. செர்னோபிலுக்கும் ஃபுகுஷிமாவுக்கும் பிறகு பல ஆண்டுகள் கழிந்தும் உழாத நிலங்களில் சீசியத்தின் பெரும்பகுதி மேலிருந்து சில சென்டிமீட்டருக்குள்ளேயே நிற்பது இதனால்தான். இந்தப் பிடியை நம்பித்தான் ஏரி வண்டலின் வயதைக் கணிக்கிறார்கள்: குண்டுச் சோதனைச் சாம்பல் உச்சத்தைத் தொட்ட 1963-ஆம் ஆண்டு வண்டலில் ஒரு கோடாக நிற்கிறது.

ஆனால் அந்தப் பிடி நிரந்தரப் பூட்டு என்று நினைத்துவிடக் கூடாது. பொட்டாசியத்தின் அளவே உள்ள இன்னொரு அயனி அம்மோனியம். காற்றில்லாத சேற்றில் அது உண்டாகிறது. சீசியத்தை அதன் இருக்கையிலிருந்து தள்ளிவிடக்கூடியது. அமெரிக்காவின் சவானா ஆற்று அணு வளாகத்தைச் சேர்ந்த பார் குளத்தில், கோடையில் அடிநீர் காற்றிழக்கும்போது வண்டலிலிருந்து சீசியம் நீருக்குத் திரும்பி வருவதை 1983-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏரி வண்டலில் அழியாத கோடு என்று எண்ணியது அங்கே ஆண்டுக்கு ஒருமுறை அசைந்தது. நீர் தேங்கும் நெல் வயலும் காற்றிழந்த சேறுதான். அங்கேயும் அம்மோனியம் உண்டு.

வேரின் பக்கம் வருவோம். செடிக்கு சீசியத்தால் எந்தப் பயனும் இல்லை. அது தேடுவது பொட்டாசியத்தை. மண்ணில் பொட்டாசியம் தாராளமாக இருந்தால் வேரின் சவ்வில் பொதுவான வாயில்கள் வழியே அது உள்ளே வருகிறது. பற்றாக்குறை வரும்போது செடி வேறு வகைப் புரதங்களைச் சவ்வில் பொருத்துகிறது. கிடைக்கிற சிறிதளவையும் இழுத்தெடுக்கும் அந்தப் பசித்த வாயில்கள் பொட்டாசியத்துக்கும் சீசியத்துக்கும் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. நெல்லில் இந்த வேலையைச் செய்வது ஓஎஸ்எச்ஏகே1 என்னும் புரதம். அது செயலிழந்த நெல் வகைகள் சீசியத்தை மிகக் குறைவாக எடுப்பதை 2017-இல் ஆய்வுகள் காட்டின. ஆக, சீசியம் திருட்டுத்தனமாக நுழையவில்லை. பட்டினி கிடக்கும் செடி தானே கதவைத் திறந்துவிடுகிறது. 2011 நவம்பரில் ஃபுகுஷிமா நகரின் ஓனாமி பகுதி நெல்லில் அன்றைய வரம்பான கிலோவுக்கு 500 பெக்கரலையும் தாண்டிய அளவு தென்பட்டது. அதைவிட அதிகம் சீசியம் விழுந்த வயல்கள் பலவற்றின் நெல் வரம்புக்குள்ளேயே இருந்தது. வரம்பு மீறிய நெல்லின் பின்னணியைத் தேடியபோது மண்ணில் பொட்டாசியம் குறைவாக இருந்தது முக்கியக் காரணமாகத் தெரிந்தது. நூறு கிராம் மண்ணில் 25 மில்லிகிராம் என்ற அளவுக்குப் பொட்டாஷ் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். 2012 ஏப்ரலில் வரம்பை 100 பெக்கரலாகக் குறைத்தார்கள். அந்த ஆண்டு விளைச்சலிலிருந்து மாகாணத்தின் ஒவ்வொரு அரிசி மூட்டையையும், ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி மூட்டைகளை, அளந்தார்கள். 2012-இல் 71 மூட்டைகள் வரம்பைத் தாண்டின. 2015 விளைச்சலில் ஒன்றுகூட இல்லை. அந்த மூன்று ஆண்டுகளில் சீசியம்-137-இல் பத்தில் ஒரு பங்குகூடச் சிதைந்திருக்காது.

இதன் மறுபக்கத்தை பசிபிக் கடலின் பிகினி தீவில் பார்க்கலாம். இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு அதைவிட வலுவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. 1946-இல் மக்களை வெளியேற்றிவிட்டு அமெரிக்கா அங்கே 1958 வரை 23 அணுச் சோதனைகளை நடத்தியது. பின்னர் தீவு பாதுகாப்பானது என்று சொல்லப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் திரும்பின. 1978-இல் அவர்கள் மறுபடியும் வெளியேற்றப்பட்டார்கள். உடலில் சீசியம் ஏறிக்கொண்டே போனதுதான் காரணம். அது வந்த வழி தேங்காய். பவளப்பாறை உடைந்து உண்டான அந்த மண் முழுக்கச் சுண்ணாம்பு. சீசியத்தைப் பிடிக்கக் களி இல்லை, சாம்பல் சத்தும் மிகக் குறைவு. கடல்நடுவே மழை பெய்துகொண்டே இருந்தும் சீசியம் போய்விடவில்லை. மக்கிய இலைக்கும் வேருக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருந்தது. சமவெளிக் களியில் எடுத்த கணக்கு இங்கேயும் மனிதர்களைக் கைவிட்டது, பிரிட்டிஷ் ஆடுகளின் விஷயத்துக்கு எட்டு ஆண்டுகள் முன்பே. பின்னர் நடந்த களச் சோதனைகளில் பொட்டாஷ் உரம் இட்டபோது தேங்காயில் சீசியம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. மண்ணைச் சுரண்டவில்லை, கதிரியக்கம் குறையவில்லை. மரத்தின் பசி மட்டும் தீர்ந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சீசியம் பொட்டாசியத்தின் நிழல் என்றால் காட்டில் ஏன் கணக்கு தப்புகிறது? ஜெர்மனியின் பவேரியாவில் மான் இறைச்சியில் சீசியம் குறைந்தும் காட்டுப்பன்றியில் பல பத்தாண்டுகளாக ஏறத்தாழ குறையாமலே நிற்கிறது. பன்றி குளிர்காலத்தில் தோண்டித் தின்னும், மண்ணுக்கடியில் வளரும் ஒருவகைக் காளான் சீசியத்தைச் சேர்த்து வைக்கிறது. அதில் சீசியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம் சுற்றியுள்ள மண்ணின் விகிதத்தைப் பின்பற்றுவதில்லை. 2023-இல் வந்த ஒரு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நீண்ட ஆயுள் கொண்ட சீசியம்-135-க்கும் 137-க்கும் உள்ள விகிதம் குண்டில் ஒரு மாதிரி, உலையில் வேறு மாதிரி இருக்கும். அதை வைத்துப் பார்த்தால் சில பன்றிகளின் இறைச்சியில் இருந்த சீசியத்தில் பாதிக்கும் மேல் செர்னோபிலுக்கு முந்திய குண்டுச் சோதனைகளிலிருந்து வந்தது. மண்ணில் மெல்ல இறங்கும் சீசியம் காளானின் ஆழத்துக்கு வரவே பல பத்தாண்டுகள் ஆகிறது. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன்: பொட்டாசியம் ஒன்றே எல்லாவற்றையும் விளக்காது. ஆனால் அது என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. காட்டுத் தரையில் களிக்கு மேலே இலைமக்கு கிடக்கிறது. பூஞ்சை இழைகள் சீசியத்தைக் களிக்குப் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அங்கே பொட்டாஷ் இட்டுப் பயனும் குறைவு. ஃபுகுஷிமா மாகாணத்தில் சுமார் 70 விழுக்காடு காடு. அதில் பெரும்பகுதி தூய்மைப்படுத்தப்படவே இல்லை. விறகாக எரித்தால் சாம்பலில் சீசியம் பன்மடங்கு செறியும் என்பதால் அங்கே விறகுக்குக் கிலோவுக்கு 40 பெக்கரல் என்று வரம்பு வைத்தார்கள். சாம்பல் சத்தும் சீசியமும் ஒரே சாம்பலில் போய்ச் சேருகின்றன.

விலங்கின் உடலிலும் அதே தடம்தான். நன்னீர் மீனுக்குச் சுற்றியுள்ள நீரில் உப்பு மிகக் குறைவு. கிடைத்ததைச் செவுள் வழியே இழுத்து இறுகப் பிடித்து வைக்கும். கடல்மீன் உப்பை இடைவிடாது வெளியேற்றும். கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் பொட்டாசியமும் உண்டு. சுற்றியுள்ள நீரோடு ஒப்பிட்டால் கடல்மீன் சீசியத்தைச் சுமார் நூறு மடங்கு செறிக்கும், நன்னீர் மீன் ஆயிரக்கணக்கான மடங்குகூடச் செறிக்கும். மனித உடலில் சீசியம் தசை முழுவதும் பரவுகிறது. குடலுக்குள் சுரந்து, மறுபடியும் உறிஞ்சப்பட்டு, சுற்றிச் சுற்றி வருவதால் பாதி வெளியேற ஏறத்தாழ 110 நாள் ஆகும். 1987-இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்து வெளிவந்த சீசியம் குளோரைடுப் பொடி கை மாறிக் கை மாறி 249 பேரைத் தொட்டது. நான்கு பேர் இறந்தார்கள். அங்கே 46 பேருக்குக் கொடுத்த மருந்து பிரஷ்யன் நீலம், ஓவியர்களின் பழைய சாயம். அதன் படிகத் துளைகள் குடலில் சுரக்கும் சீசியத்தைப் பிடித்து மீண்டும் உறிஞ்சப்படாமல் வெளியேற்றுகின்றன. 110 நாள் ஏறத்தாழ 30 நாளாகிறது. நார்வேயில் கலைமான்களுக்கும் ஆடுகளுக்கும் அதையே கொடுத்தார்கள். உலைக் கழிவில் சியோலைட், மண்ணில் இல்லைட், குடலில் பிரஷ்யன் நீலம்: பிடிக்கும் முறை மூன்றிலும் ஒன்றே.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. களி பிடித்துவிட்டது, நெல்லில் ஏறவில்லை, சரி. ஆனால் அந்த நிலத்தில் நிற்கும் மனிதன்மேல் காமா கதிர் விழுகிறதே? அந்தக் கதிருக்குப் பொட்டாசியமும் தெரியாது, களியும் தெரியாது. எவ்வளவு விழுந்தது, எத்தனை ஆண்டு ஆயிற்று என்ற பழைய இரண்டு எண்களே அங்கே ஆள்கின்றன. இது முற்றிலும் உண்மை. அதிலும் கொடுமை என்னவென்றால் உணவைக் காக்கும் அதே களிதான் சீசியத்தை மேலே, காலடியிலேயே நிறுத்தி வைக்கிறது. ஃபுகுஷிமாவில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துச் சேர்த்தது சுமார் 1 கோடியே 40 லட்சம் கன மீட்டர். 2045-க்குள் அதை மாகாணத்துக்கு வெளியே இறுதியாக அகற்ற வேண்டும் என்கிறது சட்டம். எனவே இடத்தைப் பொறுத்த கணக்கு என்று நான் சொல்வது, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை பெக்கரல் என்ற வரைபடத்தைத் தூக்கி எறியச் சொல்வது ஆகாது. வெளியிலிருந்து படும் கதிருக்கு அந்த வரைபடம் வேண்டும். உணவு வழியே வரும் கதிருக்கு வேறொரு வரைபடம் வேண்டும், அது மண்ணின் வரைபடம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி வரும் என்ற எதிர்பார்ப்புதான் மலைமேல் ஆடு மேய்த்தவர்களை இருபத்தாறு ஆண்டு காக்க வைத்தது.

சராசரி போதாதா, ஒவ்வொரு வயலுக்கும் தனிக்கணக்குப் போட எந்த அரசால் முடியும் என்று கேட்கலாம். மண்ணிலிருந்து பயிருக்குச் செல்லும் சீசியத்தின் விகிதம் இடத்துக்கு இடம், பயிருக்குப் பயிர் ஆயிரம் மடங்கு வரை மாறுகிறது. ஆயிரம் மடங்கு மாறும் ஒன்றின் சராசரியில் சிலருக்குத் தேவையற்ற தடையும் சிலருக்குத் தெரியாத ஆபத்தும் ஒளிந்திருக்கும். தனிக்கணக்கு முடியாத காரியமும் கிடையாது: ஒரு கோடி அரிசி மூட்டைகளை ஆண்டுதோறும் அளந்து காட்டியிருக்கிறார்கள். விபத்துக்குப் பின் அவசரத்தில் செய்ததை முன்கூட்டியே செய்தால் செலவு அதில் சிறு பகுதிதான்.

தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் உலைகள் ஓடுகின்றன. அவை பாதுகாப்பானவையா என்ற சர்ச்சை வேறு. அதற்குள் நான் போகவில்லை. இங்கே கேட்க வேண்டியது மண்ணைப் பற்றி. வெப்பமண்டலத்தில் நெடுங்காலம் மழையில் கரைந்த செம்மண்ணில் கயோலினைட் என்னும் களி மிகுதி; அதன் ஏடுகளுக்கு இடையே நைந்து விரியும் ஓரங்கள் இல்லை. அந்த மண்ணில் கொஞ்சம் மைக்காவோ இல்லைட்டோ கலந்திருந்தால் சீசியம் நிற்கும், இல்லையென்றால் நிற்காது. கடலோர மணலில் களியே குறைவு. நஞ்சையிலோ நீர் தேங்கிய சேறும் யூரியாவிலிருந்து வரும் அம்மோனியமும் சேர்ந்திருக்கின்றன. வெள்ளம் கட்டிய வயலில் நெல் சீசியத்தைக் கூடுதலாக எடுப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1960களின் தொடக்கத்திலேயே கண்டிருக்கிறார்கள். ஐரோப்பியப் புல்வெளியில் எடுத்த எண்ணை இந்த நிலங்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. நமக்கு வேண்டிய தகவலில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2015 முதல் விவசாயிகளுக்குக் கொடுக்கப்படும் மண்வள அட்டையில் சாம்பல் சத்தின் அளவு அச்சிட்டிருக்கிறது. அதே மண் மாதிரியில் எந்தக் களி, எவ்வளவு என்று பார்க்கும் சோதனை மட்டும் அந்த அட்டையில் இன்னும் சேரவில்லை.